பச்சை குத்தும் முன் ஒரு போட்டோப் பிரதி எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன் தங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர், பச்சை குத்திக்கொள்ளும் இளைஞர்களால் தமிழ்ப் பண்பாடு சீரழிகிறது என்று மனம் நொந்து எழுதியிருந்தார். அடுத்த ஞாயிறே இன்னொருவர், அது தனிமனித உரிமை என்று பதில் எழுதினார். குத்துகிற படம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குத் தெரிந்த விடயம் அது ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

திருகோணமலை நகரில் சிறிய அச்சகம் ஒன்று நடத்துகிறேன். கல்யாண அட்டை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், 31ஆம் நாள் நினைவு மலர், கோவில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் ஆகியவைதான் பிழைப்பு. அண்மைக் காலமாக இன்னொரு வகை வாடிக்கையாளரும் வருகிறார்கள். "அக்கா, இந்தப் பெயரை வடிவான எழுத்தில் அடித்துத் தாருங்கள், கையில் குத்தப் போகிறேன்" என்று கைத்தொலைபேசியை நீட்டுவார்கள். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வரும் காலம். பச்சை குத்துகிறவர்களுக்கும் அதுவே அறுவடைக் காலம். நம் பிள்ளைகளும் அவர்களைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படட்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பார்த்த மாத்திரத்தில் படத்தை முடிவு செய்துவிட்டு, கடைசி நேரத்தில் என் கடைக்கு ஓடி வருவதுதான் பொறுக்கவில்லை. கல்யாண அட்டைக்கு நான்கு தடவை பிழை திருத்துகிற குடும்பம், ஆயுளுக்கும் இருக்கப்போகிற எழுத்தை ஒரு தடவைகூட நின்று வாசிப்பதில்லை.

பண்பாட்டைப் பற்றி எழுதியவருக்கு மட்டும் ஒரு சொல். என் அம்மம்மாவின் முன்கையில் ஒரு கோலம் இருந்தது. அவர் சிறுமியாக இருந்தபோது ஊர் ஊராக வந்த குறத்தி ஒருத்தி, விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து ஊசியால் குத்தியதாம். கரி கறுப்புத்தான், ஆனால் தோலுக்கு அடியில் போய்விட்டால், ஒளி சிதறுகிற விதத்தால் நீலப்பச்சையாகத் தெரியும். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அம்மம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கோடுகள் பருத்து, ஓரங்கள் கரைந்து போயிருந்தன. ஆனாலும் அது இன்ன கோலம் என்று தூரத்தில் நின்றே சொல்லலாம். குத்தியவள் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் தாராளமாக இடம் விட்டிருந்தாள். கோடு பருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று இயந்திரம் வைத்துக் குத்துகிறவர்களில் எத்தனை பேர் அதை வாடிக்கையாளருக்குச் சொல்கிறார்கள்?

ஊசி ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் ஆழத்துக்குப் போய், மேற்தோலுக்குக் கீழே மையை விடுகிறது. அங்குள்ள உயிரணுக்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை இறக்கும்போது வெளிவரும் மையைப் புதிய உயிரணுக்கள் பிடித்துக்கொள்கின்றன என்று 2018இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். அதனால்தான் பச்சை அழிவதில்லை. ஆனால் இருந்த இடத்தில் இம்மி பிசகாமல் இருப்பதும் இல்லை. ஆண்டுகள் போகப் போகக் கோடு அகலும். இன்று மயிரிழையாக இருப்பது நாளை நூலாகும்.

இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் என் கடை இயந்திரத்திலேயே காட்டிவிடுகிறேன். கேட்கிற படத்தை, கையில் எந்த அளவில் வரப்போகிறதோ அதே அளவில் தாளில் அடிப்பேன். பிறகு கருமையை ஒரு படி கூட்டிவைத்து அதற்குப் போட்டோப் பிரதி எடுப்பேன். அந்தப் பிரதிக்கு ஒரு பிரதி, அதற்கும் ஒரு பிரதி என்று எடுத்துக்கொண்டே போவேன். கோடுகள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பருக்கும், நெருக்கமான இடங்கள் அடைபடும். தோலில் பல ஆண்டுகளில் நடக்கப்போவதற்கு ஏறக்குறைய ஒரு முன்னோட்டம் அது. கடைசிப் பிரதியிலும் படம் இன்னதென்று தெரிகிறதா, தாராளமாகக் குத்தலாம்.

இராவணனுக்கு இப்போது நல்ல கிராக்கி. சுவாமி மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கிற ஊரில் அது அதிசயமும் இல்லை. ஒரு தம்பி கொண்டுவந்த படத்தில் பத்துத் தலை, இருபது கை, ஒவ்வொரு கையிலும் ஓர் ஆயுதம், நடுவில் வீணை, எல்லாவற்றுக்கும் மேலே பொன்னிறக் கிரீடங்கள். திரையில் பார்க்க அற்புதம். குத்த வேண்டிய இடமோ உள்ளங்கை அகலம். ஐந்தாவது பிரதியில் பத்துத் தலையும் திராட்சைக் குலையாகிவிட்டது. பொன்னிறத்தைப் பற்றியும் சொன்னேன். மை நம் தோலின் நிறத்துக்கு அடியில்தான் இருக்கிறது, நிறத்தின் மேல் அல்ல. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மஞ்சளும் வெள்ளையும் எடுபடா. வெள்ளைக்காரரின் கையில் பளிச்சென்று தெரிகிற மஞ்சள் நம் கையில் பழைய தேமல் மாதிரிக் கிடக்கும். நமக்குக் கறுப்பே அழகு. தடித்த கறுப்புக் கோடு, நடுவில் வெறுந்தோல். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், மறுநாள் வீணையை மட்டும் பெரிதாக வரையச் சொல்லி வந்தார். வீணையின் தலையில் இராவணன் முகம் ஒன்று, பக்கவாட்டில் பார்த்தபடி. முன்பு கொண்டுவந்ததைவிட அது எவ்வளவோ மேல்.

இனி எழுத்து. இங்கேதான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

நம் நாட்டு அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறவர்கள் உண்டு. அதில் அடித்ததைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் வரும். அது குப்பை என்று பார்த்தவுடனே தெரிவதால் ஆபத்துக் குறைவு. ஆபத்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறையில்தான். தமிழ் எழுத்தைக் கோத்து அமைக்கத் தெரியாத வரைகலை மென்பொருளில் ஒட்டினால், எழுத்து தமிழாகவே இருக்கும், ஆனால் இடம் மாறியிருக்கும். "கோணேஸ்வரா" என்பதில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். சில வேளை புள்ளிகளால் ஆன சிறு வட்டம் ஒன்றும் கூடவே வரும். குத்துகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவருக்கு அது வெறும் படம். அந்த வட்டத்தையும் அழகாகக் குத்தித் தருவார். மெய்யெழுத்தின் புள்ளி அவர் கண்ணுக்குத் தூசு; விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தாளைக் கொடுத்தவர் வாசித்திருக்க வேண்டும்.

எழுத்துச் சரியாக இருந்தாலும் அளவு இருக்கிறது. நம் எழுத்தில் சுழிகள் அதிகம். மூன்று சுழி ண, ஞ, ஐ, ஸ்ரீ இவற்றைச் சிறிதாகக் குத்தினால் சில ஆண்டுகளில் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். அச்சிட்ட தாளில் தீக்குச்சியின் மருந்து முனையை மிகச் சிறிய சுழிக்குள் வைத்துப் பாருங்கள். கோட்டைத் தொடாமல் அமர்ந்தால் அந்த அளவு போதும். அமராவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது சொல்லைக் குறையுங்கள். திருவாசகத்தில் நான்கு வரியை மணிக்கட்டில் சுற்றிக் குத்த வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டார். பக்தியை மெச்சினேன், ஒரு சொல்லோடு நிறுத்தச் சொன்னேன்.

காதலர் பெயரைப் பற்றி எல்லோரும் புத்தி சொல்லியாகிவிட்டது. நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரேயொரு நடைமுறைச் சங்கடம்: நம் கோவில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். நெஞ்சில் பழைய பெயர், பக்கத்தில் புதிய மனைவி, எதிரே சுவாமி, சுற்றிலும் ஊர்.

முகங்களைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். இறந்த தாய் தந்தையரின் முகத்தைக் குத்த வேண்டும் என்று வருகிறவர்கள் இந்த ஊரில் குறைவில்லை. யுத்தமும் 2004 கடற்கோளும் பலர் வீட்டில் படம்கூட மிச்சம் வைக்கவில்லை. நினைவு மலருக்கு ஓர் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிப்பதே எனக்குப் பெரும்பாடு. கண் எது, நிழல் எது என்று தெரியாது. தாளில் நான் ஊகித்துச் சரிசெய்யலாம். தோலில் ஊகித்தால் வேறு யாரோ ஒரு பெண்ணின் முகம் வந்துவிடும்.

திருக்கடலூரைச் சேர்ந்த ஒரு மீன்பிடித் தொழிலாளி அப்படி ஒரு சிறு படத்தோடு வந்தார். அம்மாவின் கையெழுத்து ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துத் தன் பழைய தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தவணைக்கும் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அந்தத் தாய் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதியிருந்தார். முதல் தவணையில் நீலக் குமிழ்முனைப் பேனா, எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறிக்கொண்டு போகின்றன. மூன்றாம் தவணையில் கை பழகியிருக்கிறது. ஆனால் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறக்கி எழுதியிருக்கிறார். அதைத்தான் மகன் தேர்ந்தெடுத்தார். கூட வந்த நண்பர், இறங்கிய எழுத்தை மேலே ஏற்றி நேராக்கித் தரும்படி சொன்னார். "கை வைக்க மாட்டேன்" என்றேன். பெருப்பித்து, கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கி, சுழிகளைத் திறந்து கொடுத்தேன், அவ்வளவுதான். வலை இழுக்கும்போது உராயாத இடமாக, முன்கையின் உட்பக்கத்தில் குத்தியிருக்கிறார்.

இடத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விரலிலும் உள்ளங்காலிலும் குத்துவது சீக்கிரம் அழிந்து திட்டுத்திட்டாகும். முன்கையைத் திருப்பினால் தோலும் முறுகும். மேசையில் வைத்த கையில் வட்டமாக இருந்தது, தொங்கவிட்ட கையில் கோழிமுட்டை வடிவாகும். குத்துவதற்கு முன் ஊதா நிற மையில் படத்தை ஒற்றி எடுப்பார்கள். அப்போது எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். ஒற்றியதைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஒற்றச் சொல்வதற்கு வெட்கப்படத் தேவையில்லை. அதற்குச் சலித்துக்கொள்கிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள். காயம் பட்ட இடம் தடித்து வளர்கிற உடம்புவாகு உள்ளவர்கள், நெஞ்சிலும் தோளிலும் குத்தும் முன் தோல் வைத்தியரைக் கேட்பது நல்லது. பிறகு லேசர் வைத்து அழிக்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். பல தடவை போக வேண்டும், செலவு கூட, நம் நிறத் தோலில் வெள்ளைத் தழும்பு விழவும் கூடும்.

தெய்வ உருவங்களை இடுப்புக்குக் கீழே குத்தாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. மற்றவர் தெய்வம் என்றால் இரட்டிப்புக் கவனம். கையில் புத்தர் உருவம் இருந்ததற்காகப் பிரித்தானியப் பெண் ஒருவர் 2014 ஏப்ரலில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடும் செலவுமாக 8 இலட்சம் ரூபா வழங்கச் சொன்னது. நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் அது கிடைக்க மூன்றரை ஆண்டு பிடித்தது.

இவ்வளவும் வாசித்த பிறகும் மனம் இரண்டாக இருந்தால், முதலில் மருதாணியில் போட்டுப் பாருங்கள். பெருநாள் காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் எத்தனை கைதேர்ந்த பெண்கள் போடுகிறார்கள்! ஒன்றிரண்டு வாரத்தில் மங்கிவிடும். அதற்குள்ளேயே அந்தப் படம் சலித்துவிட்டதா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இலை மருதாணி செம்மண்ணிறமாகத்தான் பற்றும். கடற்கரையில் "கறுப்பு மருதாணி" என்று சொல்லி, சற்று நேரத்தில் கன்னங்கரேலென்று பற்றுகிற ஒன்றைப் பூசுகிறார்கள். அதில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கும். சிலருக்கு அது தோலைக் கொப்புளமாக்கி, போட்ட படத்தின் வடிவிலேயே தழும்பை விட்டுப் போகும். ஒரு தடவை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு தலைக்குச் சாயம் பூசவும் முடியாமல் போகலாம். சென்ற பருவத்தில் என் அயல்வீட்டுச் சிறுமிக்கு மணிக்கட்டில் ஒரு பட்டாம்பூச்சி அப்படித்தான் வந்தது, இன்னும் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடற்கரை உணவுக் கடைகளைப் பார்க்கும்போது இந்த மருதாணிக் கூம்புகளையும் ஒரு கண் பார்த்தால் நல்லது. தாங்களும் பண்பாட்டுக் கடிதங்களுக்கு இடையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு செய்தியாளரை நிலாவெளிப் பக்கம் அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
அச்சகம் நடத்தும் ஒரு வாசகி,
திருகோணமலை.