மலையையும் சேர்த்து வாசித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். பழனிமலைத் தொடரின் சோலைக்காடுகளைக் களமாகக் கொண்ட என் நாவல் வெளிவந்த நாள்முதல் கடிதம் வழியாகவும் தொலைபேசியிலும் நேரிலும் கருத்துச் சொன்ன அனைவருக்கும் இம்மடலால் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன். பாராட்டிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு மகிழ்ச்சி அளித்தது. ஆயினும், காதலர் இருவரோடு மலையையும் கதைமாந்தராகக் கருதி வாசித்தவர்களுக்கே நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன்.

2006-இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது பிரிந்தவர்கள், 2018-இல் அது மீண்டும் பூத்தபோது சந்திப்பதே கதை. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அது பூத்த மலைப் புல்வெளி என்ன ஆயிற்று என்று முதலில் கேட்டவர் தேவகோட்டை ஆச்சி ஒருவர். மதிய வேளைகளில் தம் வீட்டு வளவில் அமர்ந்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நாவலை உரக்கப் படித்துக் காட்டியவர் அவர். அவர் எனக்குக் காட்டிய பிரதியில், கொட்டான் முடையும் ஓலைக்கீற்று ஒன்று அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது. அது காதலர் சந்திக்கும் பக்கம் அன்று, நாயகி புல்வெளியில் முளைத்த வாட்டில் என்னும் அயல்மரத்தின் கன்றுகளைப் பிடுங்கும் பக்கம்.

அதே பகுதியைப் பற்றி, வனத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருந்தார். தோல் பதனிடப் பயன்படும் பட்டைக்காக வளர்க்கப்பட்ட வாட்டில் மரங்கள் எப்படிப் புல்வெளிகளுக்குள் பரவின என்பதையும், மரத்தை வெட்டிய பிறகும் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து முளைப்பதையும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டியதையும் அவர் விவரித்த விதத்தில், ஒரு வாழ்நாளின் உழைப்பு தெரிந்தது. மானாமதுரை ஆசிரியர் ஒருவரோ மலையை ஆற்றின் வழியாக அணுகினார். பழனிமலையில் பிறக்கும் வராக நதியும் மஞ்சளாறும் வைகையில் கலப்பவை. மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடும் சோலையும் புல்லும் அழிந்தால் தம் ஊருக்கு என்ன நேரும் என்று அவர் எழுதியதைப் படித்தபின், அந்த மலை நமக்குத் தொலைவில் இருக்கிறது என்று என்னால் இனிச் சொல்ல இயலாது.

கபிலர் பாடிய பறம்புமலையாகக் கருதப்படும் பிரான்மலை நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்க, கதையை ஏன் கொடைக்கானல் பக்கம் கொண்டுசென்றீர்கள் என்று காரைக்குடிக் கல்லூரி மாணவர் ஒருவர் உரிமையோடு கேட்டார். நீலக்குறிஞ்சி உயர்மலைப் புல்வெளிக்குரிய செடி. பிரான்மலை அவ்வளவு உயரமில்லை. ஆனாலும் அக்கேள்வியால் நான் குறிஞ்சிப்பாட்டை மீண்டும் எடுத்துப் படித்தேன். அதன் 261 அடிகளுக்குள் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்களைக் கபிலர் பெயர் பெயராக அடுக்குகிறார். தலைவன் அதற்குப் பிறகுதான் வருகிறான். காதலைச் சொல்வதற்கு முன் அது நிகழும் நிலத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற முறைமையை இதைவிடத் தெளிவாக எவரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம். அந்த மாணவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

நாயகி இறுதியில் காதலனோடு மலையிறங்க மறுத்தது பெரியவர்கள் சிலருக்கு மனவருத்தம் தந்திருக்கிறது. அவர்களுடைய வருத்தத்தை மதிக்கிறேன். எனினும், தன் கையால் புல் நட்டு மீட்ட சரிவைவிட்டு அவள் வரமாட்டாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவளுடைய முடிவைத் தம் முடிவாகவே ஏற்று எழுதிய இளம்பெண்களின் கடிதங்கள் எனக்குப் பெருந்துணையாக இருந்தன.

மெய்ப்புத் திருத்திய நண்பருக்கும், பிரதிகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த நூலகப் பணியாளர்களுக்கும் என் நன்றி. அடுத்த பூப்பு 2030-இல் வரும்போது தொடர்ச்சி எழுதுவீர்களா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எழுதும் எண்ணம் இல்லை. ஆனால் அந்த ஆண்டில் மலைக்குச் செல்ல விரும்பும் வாசகர்களோடு நானும் வருவேன். இன்னும் பதில் கிடைக்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். கையால் எழுதி ஒவ்வொருவருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
நாவலாசிரியர்
காரைக்குடி