பிடிலை நீக்கியவர் மட்டும்தானா செட் அட்கின்ஸ்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்க கன்ட்ரி இசை பற்றிய கட்டுரை, செட் அட்கின்ஸுக்கு இரண்டே வரி ஒதுக்கியிருந்தது. 'அருமையான கிட்டார் கலைஞர்' என்பது முதல் வரி. 'ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தில் தயாரிப்பாளராகி, பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் வெளியேற்றி, அந்த இசையின் மண்வாசனையைக் கெடுத்தவர்' என்பது இரண்டாவது. இரண்டு வரியிலும் இருப்பவர் ஒரே மனிதர் என்பதைக் கட்டுரையாளர் மறந்துவிட்டார். கிட்டாரில் அவர் விரல்கள் செய்த வேலையைத்தான் ஸ்டுடியோவில் அவர் காது செய்தது.

டென்னசி மாநிலத்தின் லட்ரெல் என்ற சிற்றூரில் 1924இல் பிறந்தவர் அட்கின்ஸ். சிறுவயதில் ஆஸ்துமா தொல்லை, ரேடியோவே துணை. சின்சினாட்டி வானொலியில் மெர்ல் டிராவிஸ் என்ற கிட்டார் கலைஞர் வாசித்ததைக் கேட்டுத்தான் பாணியைப் பிடித்தார். டிராவிஸ் பயன்படுத்தியது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே. கண்ணால் பார்க்காத பையனுக்கு அது எப்படித் தெரியும்? இத்தனை ஒலிகளுக்கு இரண்டு விரல் போதாது என்று எண்ணி, கட்டைவிரலோடு மற்ற விரல்களையும் சேர்த்துப் பழகிவிட்டார். அதனால் டிராவிஸின் வாசிப்பில் கலந்து ஒலிக்கும் பேஸும் (தடித்த தந்திகளின் கீழ் ஒலி) மெட்டும் அட்கின்ஸிடம் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும்.

அந்தப் பிரிவு எப்படி வருகிறது என்பதை விரலில் செய்துபார்த்தால்தான் புரியும். கட்டைவிரலில் தம்ப் பிக் என்ற மீட்டும் வளையத்தை மாட்டிக்கொள்ள வேண்டும். மிக மெல்லிய தந்தி 1, மிகத் தடித்தது 6 என்று எண்ணிக்கொள்ளுங்கள். இ மேஜர் கார்டைப் பிடித்து, கட்டைவிரலால் 6, 4, 5, 4 என்ற வரிசையில் தந்திகளை நான்கு எண்ணிக்கைக்கு நிறுத்தாமல் மீட்ட வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரம், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின்மேல், மூன்று தடித்த தந்திகளை மட்டும் தொட்டபடி இருக்க வேண்டும். கை அரை அங்குலம் முன்னால் நகர்ந்தால் சுருதி செத்து வெறும் 'டக்' சத்தம்தான் வரும். பின்னால் போனால் பேஸ் நீண்டு ஒலித்து மெட்டை மூடிவிடும். கை சாய்ந்து மூன்றாம் தந்தியைத் தொட்டாலோ மெட்டே மங்கிவிடும். பழகுபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இன்னொன்று: மெட்டின் ஸ்வரம் எதிர்த்தாளத்தில், அதாவது இரண்டு எண்ணிக்கைகளுக்கு இடையில், விழும்போது கட்டைவிரலும் கூடவே ஓடிவிடும். இரண்டு மூன்று வாரம் கட்டைவிரலை மட்டும் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியில் நிமிடத்துக்கு 70 தட்டு வேகத்தில் ஓட்டி, அது தானாக நடக்க ஆரம்பித்த பிறகே மெட்டு வாசிக்கும் மெல்லிய தந்திகளுக்குப் போவது நல்லது.

அவருடைய வாசிப்பில் நீர்த்துளி உதிர்வதுபோல் வரும் ஒலியையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) ஆறு தந்திகளையும் இடது ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். வலது ஆள்காட்டி விரல் நுனியால் 6ஆம் தந்தியை 17ஆம் ஃபிரெட்டுக்கு நேர்மேலே லேசாகத் தொட்டு, அதற்குப் பின்னால் தம்ப் பிக்கால் மீட்டுங்கள். உடனே மோதிர விரலால் 3ஆம் தந்தியைச் சாதாரணமாக மீட்டுங்கள். அடுத்து இதேபோல் 5ஆம் தந்தியைத் தொட்டு மீட்டி 2ஆம் தந்தி, பிறகு 4ஆம் தந்தியைத் தொட்டு மீட்டி 1ஆம் தந்தி. இப்படி வரும் ஆறு ஸ்வரங்களைக் கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதில் போட்டால் சுத்த தன்யாசி ராகத்தின் ஆரோகணம்! தொடும் விரல் ஃபிரெட் கம்பிக்கு நேர்மேலே இல்லாமல் சற்று விலகினாலும், மீட்டிய பின் எடுக்கத் தாமதித்தாலும் ஒலி பிறக்காது.

ஒலிகள் ஒன்றையொன்று மூடக் கூடாது என்ற இந்தப் பிடிவாதம் கருவியிலும் தெரிந்தது. கிரெட்ச் நிறுவனம் 1950களின் நடுவில் அவர் பெயரில் 6120 கிட்டாரை வெளியிட்டது. அதன்மேல் பதித்த மாட்டுத்தலையும் கள்ளிச்செடியும் அவருக்குப் பிடிக்கவில்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் இரைச்சலும் பிடிக்கவில்லை. ரே பட்ஸ் என்ற எலெக்ட்ரானிக்ஸ் வல்லுநர், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை நீக்கிவிடும் ஃபில்டர்ட்ரான் பிக்கப்பைச் செய்து கொடுத்தார். பின்னால் வந்த கன்ட்ரி ஜென்டில்மேன் மாடலில் ஒலித்துளைகளையே அடைத்து, துளைபோன்ற தோற்றத்தை மட்டும் வைத்தார்கள். ஒலி நின்று ஒலிக்கவும், ஆம்ப்ளிஃபயர் முன்னால் ஊளையிடாமல் இருக்கவும்தான். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் உலகம் பார்த்தது அந்த கிட்டாரைத்தான்.

இனி தயாரிப்பாளர். நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் அப்படியல்ல. பாட்டைத் தேர்ந்தெடுப்பது, பாடகருக்கு ஏற்ற சுருதி, யார் வாசிப்பது, மைக் எங்கே, பலமுறை பாடிய பதிவுகளில் எந்த டேக்கை வைத்துக்கொள்வது, எல்லாம் அவர் பொறுப்பு. 1957இல் திறந்த ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவில் ஒரு அமர்வு மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடிய வேண்டும். பாடகர், பின்பாட்டுக் குழு, பியானோ, டிரம்ஸ் என எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில். ஒருவர் மைக்கில் இன்னொருவர் சத்தம் கசிந்தால் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. அதனால் யார் எவ்வளவு வாசிக்கக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் வெளியேறியதை இங்கே வைத்துப் பாருங்கள். இரண்டும் மனிதக் குரலைப் போலவே வழுக்கி, குரல் ஒலிக்கும் எல்லையிலேயே ஒலிப்பவை. ஓங்கிப் பாடும் குரல் அவற்றோடு மல்லுக்கட்டி நிற்கும். அட்கின்ஸ் தயாரித்த பாடகர் ஜிம் ரீவ்ஸின் தாழ்ந்த குரல் நிற்காது. 1957இல் வந்த 'ஃபோர் வால்ஸ்' பாட்டில் ரீவ்ஸ் மைக்கை உரசும் தூரத்தில் நின்று ரகசியம் பேசுவதுபோல் பாடினார். ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்கின் அருகே போகப் போகக் குரலின் அடிநாதம் பருக்கும். கூடவே 'ப' ஒலி வெடிக்கும், மூச்சு கேட்கும். வாயை மைக்கின் நேர்க்கோட்டிலிருந்து கொஞ்சம் திருப்பிக்கொண்டால்தான் தப்பிக்கலாம். இவ்வளவு மெல்லிய குரலுக்குப் பின்னால் தாங்கி நிற்கக்கூடியவை பியானோவும், வார்த்தையில்லாமல் 'ஊ' என்று இழுக்கும் பின்பாட்டும்தான். இதே வழியில் பதிவான 'ஹீல் ஹாவ் டு கோ' 1960இல் அமெரிக்க பாப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ரேடியோ சிலோன் வழியாக இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டுக்குள் வந்த குரல் அது. டிசம்பரில் இங்கே பல வீடுகளில் ஒலிக்கும் ரீவ்ஸின் 1963 கிறிஸ்துமஸ் இசைத்தட்டும் அட்கின்ஸ் தயாரித்ததே.

எல்லாப் பாட்டையும் ஒரே அச்சில் வார்த்தார் என்பதும் பாதி உண்மைதான். பாட்டெழுதும் டான் ராபர்ட்சனின் மாதிரிப் பதிவில் பக்கத்து ஸ்வரத்திலிருந்து சறுக்கி வரும் பியானோவைக் கேட்டதும், அதேபோல் வாசிக்கும்படி பியானோ கலைஞர் ஃபிளாய்ட் கிரேமரிடம் சொன்னவர் அட்கின்ஸ். அடுத்த பல ஆண்டுகளுக்கு கன்ட்ரி பியானோ என்றால் அந்தச் சறுக்கல்தான். கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடை 1960களில் ஆர்.சி.ஏ.வுக்குக் கொண்டுவந்ததிலும் அவர் கை உண்டு. குரலைக் கேட்டுத்தான் எடுத்தார்கள். நிறவெறி உச்சத்தில் இருந்த காலத்தில், வானொலி நிலையங்களுக்கு முதல் இசைத்தட்டு பாடகரின் படமில்லாமல்தான் போனது.

குறை இல்லாமல் இல்லை. 1960களின் நடுவில் பல இசைத்தட்டுகளில், நாட்டுப்புற பிடிலுக்குப் பதில் வந்த ஆர்க்கெஸ்ட்ரா வயலின் கூட்டம் பாகு ஊற்றியதுபோல் கனத்துவிட்டது. பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் தன் சொந்தக் குழுவோடு பதிவு செய்யப் போராட வேண்டியிருந்தது. கன்ட்ரி இசை தன் அடையாளத்தை இழப்பதில் தனக்கும் பங்குண்டு என்று அட்கின்ஸே பின்னாளில் வருத்தம் தெரிவித்திருக்கிறார். அவர் சொன்ன அந்த வருத்தத்தை உங்கள் கட்டுரை தீர்ப்பாக மாற்றிவிட்டது.

அடுத்த வாரம் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை எழுதுமுன் கட்டுரையாளர் இரண்டு பதிவுகளை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்: அட்கின்ஸ் கிட்டாரில் வாசித்து 1955இல் பிரபலமான 'மிஸ்டர் சேண்ட்மேன்', பிறகு ரீவ்ஸின் 'ஹீல் ஹாவ் டு கோ'. முதலாவதில் கட்டைவிரல் ஓட்டும் பேஸை மட்டும் பின்தொடரட்டும். இரண்டாவதில் குரலை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருப்பவர்கள் எப்போதெல்லாம் வாசிக்காமல் இருக்கிறார்கள் என்று கவனிக்கட்டும்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
சென்னை