பஸ்ஸில் வரும் அலங்கார மீன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் அலங்கார மீன் தருவிப்போர் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பலர் உள்ளனர். விடியும்போது உயிருடன் வந்து சேர்ந்த மீன்கள் அன்றே செத்து மிதந்தால், பயணக் களைப்பு என்று எண்ணி விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சென்ற மாதம் எனக்கு வந்த 12 தங்கமீன்களும் பைக்குள் அமைதியாகவே நீந்திக்கொண்டிருந்தன. விற்றவர் சொன்னபடி பையை அவிழ்த்து, தொட்டி நீரைக் கோப்பை கோப்பையாக அதற்குள் ஊற்றி வந்தேன். அரை மணி நேரத்திற்குள் அவை மேலே வந்து வாயைத் திறந்து திணறின. பூக்களின் (செவுள்களின்) ஓரம் கன்றிச் சிவந்தது. மாலைக்குள் 7 இறந்துவிட்டன.

காரணத்தைப் பின்னரே அறிந்துகொண்டேன். மூடிய பையில் மீன்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டு நீரை அமிலத்தன்மையாக்குவதால், அவற்றின் கழிவிலிருந்து சேரும் அமோனியாவில் பெரும்பகுதி நச்சுக் குறைந்த அமோனியமாகவே இருக்கிறது. பையை அவிழ்த்ததும் அவ்வாயு வெளியேறி அமிலத்தன்மை குறைய, அதே அமோனியம் நச்சு அமோனியாவாக மாறிப் பூக்களைத் தாக்குகிறது. பக்கத்துக் கடையில் வாங்கிய மீனுக்குப் பொருந்தும் முறை, எட்டு மணி நேரத்துக்கு மேல் அடைபட்டிருந்த மீனுக்கு ஆபத்தாகிவிடுகிறது.

ஆகவே, பையை அவிழ்க்காமலே 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்தியபின், அவிழ்த்தவுடன் மீன்களைச் சிறு வலையால் அள்ளித் தொட்டியில் விடவேண்டும்; பை நீரில் ஒரு சொட்டும் தொட்டியில் சேரக்கூடாது. அதற்கு, அனுப்புபவரின் நீருக்கு நெருங்கிய பீஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும்) அளவில் நம் நீர் முன்னரே தயாராக இருத்தல் அவசியம். குழாய்நீரானால் அதிலுள்ள குளோரினையும் நீக்கியிருக்க வேண்டும். முதல் நாள் வெளிச்சமும் தீனியும் வேண்டாம். பழைய மீன்களுடன் சேர்க்குமுன் இரண்டு, மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்திருப்பது நோய் பரவாமல் காக்கும்.

மீன் அனுப்பும் வியாபாரிகளிடம் ஒன்றை வேண்டுகிறேன். பை கட்டிய நேரத்தையும் தமது தொட்டி நீரின் பீஎச் அளவையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, ஒவ்வொரு பையிலும் ஒட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.