செங்கோட்டை மலைப்பாதையைப் பகலில் காண வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்காசியிலிருந்து கொல்லம் செல்வோருக்குக் காரே வசதி என்றும், ரயில் மெதுவாகப் போவதால் அதைத் தவிர்த்துவிடலாம் என்றும் தங்கள் இதழின் சுற்றுலாக் கட்டுரையில் எழுதப்பட்டிருந்தது. அவசர வேலையாகப் போகிறவர்களுக்கு அது சரியான யோசனைதான். மலையைப் பார்ப்பதற்கென்றே புறப்படுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்பதைத் தென்காசிக்காரன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையிலுள்ள சுமார் 49 கிலோமீட்டரைக் கடக்க ரயிலுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால், அதற்குக் காரணம் ஏற்றமும் வளைவுகளுமே. பின்னாலும் ஓர் எஞ்சினைச் சேர்த்துத்தான் வண்டியை மலையேற்றுவது இந்தப் பாதையின் நெடுநாள் வழக்கம். அந்த நிதானத்தில்தான் காட்டின் ஒவ்வொரு மடிப்பும் கண்ணில் நின்று பதிகிறது.

பகவதிபுரம் வரை வயலும் தென்னையுமாக வரும் காட்சி, எல்லையிலுள்ள நீண்ட சுரங்கத்தைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் வந்ததும் அடியோடு மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இதை நன்றாக உணரலாம். செங்கோட்டையில் வெறும் சாரலும் காற்றுமாக இருக்கும். சுரங்கத்தின் இருட்டு விலகுவதற்குள் மழை பெட்டிக்குள் அடிக்கத் தொடங்க, ஒவ்வொருவராக ஜன்னல் ஷட்டரைப் படபடவென்று இறக்குவார்கள். பிறகு பொறுக்கமாட்டாமல் பாதியளவு தூக்கிவிட்டு, ஈரம் சொட்டும் பாறைச் சுவரையும் கீழே தெரியும் பள்ளத்தாக்கையும் பார்த்துக்கொண்டே வருவார்கள். கண்ணாடி ஏற்றிய காரில் இது கிடைக்காது. குளிர்சாதனப் பெட்டியிலும் கிடைக்காது என்பதால், இந்தப் பயணத்துக்கு முன்பதிவில்லாப் பெட்டியையோ சாதாரணப் படுக்கை வசதிப் பெட்டியையோதான் பரிந்துரைப்பேன்.

சாலைக்கு உரிய பெருமையை நான் மறுக்கவில்லை. கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தின் அழகு, அதன் மேல் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. தேசிய நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டி, கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கே கருங்கல் தூண்களும் வளைவுகளும் முழுமையாகத் தெரியும். பாலருவியில் குளிக்கவும் தென்மலை அணையைப் பார்க்கவும் சாலை வழியே சென்றால்தான் தோதுப்படும். ஆனால் புளியரை வளைவுகளில் எதிரே வரும் சரக்கு லாரிகளைத் தவிர வேறெதையும் கார் ஓட்டுகிறவர் பார்க்க முடிவதில்லை. ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் நெரிசலைக் கேட்கவே வேண்டாம். குடும்பத்தில் ஒருவரைப் பார்க்க விடாமல் செய்துவிட்டு மற்றவர்கள் மட்டும் இயற்கையை ரசிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. சாலை வழிதான் வேண்டுமென்றால் தென்காசியிலிருந்து பேருந்து இருக்கிறது.

ஆகவே, போகும்போது பேருந்து, திரும்பும்போது ரயில் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கால அட்டவணையும் பெரும்பாலும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. கொல்லத்திலிருந்து சென்னை செல்லும் விரைவு ரயிலும் குருவாயூரிலிருந்து மதுரை வரும் ரயிலும் இந்த மலையைப் பகல் வெளிச்சத்தில் கடக்கின்றன. இங்கிருந்து கேரளம் நோக்கிச் செல்லும்போதோ, மதுரை–குருவாயூர் ரயில் பகலில் போனாலும், சென்னை–கொல்லம் ரயில் பெரும்பாலும் இருட்டிலேயே காட்டைத் தாண்டிவிடுகிறது. பாலருவியின் பெயரைத் தாங்கிய விரைவு ரயில் இரு திசைகளிலும் இரவிலேயே மலையைக் கடக்கிறது என்பது எங்கள் பகுதி மக்களின் நெடுநாள் வருத்தம். செங்கோட்டை–கொல்லம் பயணிகள் ரயில் பகலில் ஓடினாலும், திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு செங்கோட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டியிருக்கிறது.

1904இல் போடப்பட்ட இந்தத் தடத்தில், மீட்டர்கேஜ் காலத்தில் கொல்லத்திலிருந்து நாகூர் வரைகூட நேரடி வண்டி ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக 2010இல் செங்கோட்டை–புனலூர் இடையே நிறுத்தப்பட்ட போக்குவரத்து, 2018இல்தான் முழுமையாக மீண்டது. அத்தனை ஆண்டுகள் காத்திருந்து, மலையைக் குடைந்த சுரங்கங்களையும் பழைய பாலங்களையும் பெரும் செலவில் அகலப்பாதைக்கு ஏற்றவையாக மாற்றிய பிறகு, அதைப் பகலில் போதிய அளவு பயன்படுத்த வழி செய்யாமலிருப்பது பெரிய இழப்பு. திருநெல்வேலியிலிருந்து கொல்லத்துக்குக் காலையில் புறப்படும் நேரடி ரயில் ஒன்றைத் தெற்கு ரயில்வே இயக்க வேண்டும். அதில் பெரிய ஜன்னல்கள் கொண்ட ஒரு பெட்டியையாவது இணைக்க வேண்டும். தங்கள் இதழும் இந்தக் கோரிக்கையை எடுத்து எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தென்காசி.