ஷெங்கன் ஓர் ஊரின் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஐரோப்பியப் பயணக் கட்டுரையில், "லக்சம்பர்க்கில் தலைநகரைத் தாண்டினால் பார்க்க ஒன்றுமில்லை, அரை நாள் போதும்" என்றிருந்த ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது. மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கி, அந்நாட்டுச் சிற்றூர்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தவள் நான்.

கட்டுரையாளர் எந்த விசாவில் அங்கே போனாரோ, அந்த விசாவுக்குப் பெயர் தந்த ஷெங்கன், மொசெல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு லக்சம்பர்க் சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையைக் கைவிடுவதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, அந்த ஊருக்கருகே ஆற்றில் நின்ற கப்பலில்தான். விசாவுக்காகக் கோப்பைச் சுமந்துகொண்டு அலையும் நம்மவர்களுக்கு இதையாவது சொல்லியிருக்கக் கூடாதா?

வாடகைக் கார் இல்லாமல் ஊர்ப்புறம் போக முடியாது என்று அக்கட்டுரையில் எழுதியிருந்ததும் தவறு. 2020 மார்ச் முதல் நாடு முழுவதும் பேருந்து, ரயில், டிராம் அனைத்தும் இலவசம். ரயிலின் முதல் வகுப்புக்கு மட்டுமே கட்டணம். எட்டல்புருக்கில் ரயிலை விட்டிறங்கிப் பேருந்து ஏறியபோது, நான் பழக்கத்தில் சில்லறையை நீட்ட, ஓட்டுநர் "மொயென்" என்று வணக்கம் சொல்லி, காசை உள்ளே வைக்கும்படி கைகாட்டினார். அந்தப் பயணத்தில்தான் வியாண்டனைப் பார்த்தேன். மலைமேல் கோட்டை, கீழே ஆற்றுப் பாலத்தருகே, 1871-இல் பெல்ஜியத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ தங்கியிருந்த வீடு. எக்டர்னாக்கில், பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த செவ்வாயன்று, வெள்ளைக் கைக்குட்டைகளின் நுனிகளைப் பிடித்தபடி வரிசை வரிசையாக மக்கள் இடமும் வலமும் துள்ளித் துள்ளிப் புனித வில்லிபிரார்டின் கல்லறையை நோக்கிப் போனார்கள். ஒரே மெட்டுதான் திரும்பத் திரும்ப ஒலித்தது. என்னருகே நின்ற மூதாட்டியின் கால்கள் நின்ற இடத்திலேயே தாளம் போட்டதை இன்றும் மறக்க முடியவில்லை. யுனெஸ்கோ 2010-இல் தன் பட்டியலில் சேர்த்த அந்த ஊர்வலம் உங்கள் கட்டுரையாளருக்கு "ஒன்றுமில்லை" ஆகிவிட்டது.

இது முதல் முறையும் அல்ல. சென்ற ஆண்டு இதே இணைப்பில் லக்சம்பர்க் மொழியை "ஜெர்மனின் கொச்சை வடிவம்" என்று எழுதியிருந்தீர்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதைத் தேசிய மொழியாக்கிப் பேணிவரும் மக்களை, மொழிக்காக உயிரையே கொடுத்த மண்ணில் அச்சாகும் பத்திரிகை இப்படி இழிவுபடுத்தலாமா என்று கேட்டு அப்போதே எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. ஐரோப்பா என்றாலே பாரிஸ் கோபுரத்தையும் சுவிஸ் பனிமலையையுமே நாற்பது ஆண்டுகளாக உங்கள் பக்கங்களில் பார்த்துவருகிறேன். தாங்கள் அறியாததல்ல.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு இணைப்பில், அந்நாட்டில் பேருந்தும் ரயிலும் இலவசம் என்ற திருத்தத்தை இரண்டு வரியில் வெளியிட வேண்டுகிறேன். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் என் போன்றவர்கள் வீணாகக் காருக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சி