சுறா உறுமாது: கடல் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடல்வாழ் உயிர்களைப் பற்றித் தொலைக்காட்சி நிகழ்ச்சி தயாரிக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவர் தயாரித்த சுறா நிகழ்ச்சியை நானும் என் எட்டு வயது மகளும் சென்ற வாரம் பார்த்தோம். எந்த நிகழ்ச்சி என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்த குறை உங்களில் பலரிடமும் இருக்கிறது. வெள்ளைச் சுறா ஒன்று இருண்ட நீரிலிருந்து மெல்ல மேலெழுந்து வருகிறது. முக்குளிப்பவர் இருக்கும் கூண்டை நெருங்கியதும் உறுமுகிறது, அடித்தொண்டையிலிருந்து, எங்கள் கூடமே அதிரும்படி.

சுறாவுக்குக் குரல்நாண் கிடையாது. உறுமக் காற்று வேண்டும். அதற்கு நுரையீரலும் கிடையாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. நிகழ்ச்சியின் முடிவில் கடல் ஆய்வாளர்களின் பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன. அப்படியிருந்தும் ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ ஒருவர் வேறொரு விலங்கின் குரலை எடுத்து அந்த வாயில் பொருத்தியிருக்கிறார். இன்னொருவர் கேட்டுவிட்டுச் சரி என்று தலையசைத்திருக்கிறார். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஒலியை எடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு மடலா என்று உங்களுக்குத் தோன்றலாம். என் மகளுக்கு நான்கு வயதிலிருந்தே சுறாப் பித்து. ஒரு சாண் நீளமே வளரும் குள்ள விளக்குச் சுறாவையும், உலகிலேயே பெரிய மீனாக இருந்தும் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் திமிங்கலச் சுறாவையும் எனக்கு அறிமுகப்படுத்தியவள் அவள்தான். ஒருமுறை ஒரு மீன் காட்சியகத்தில் விளக்குக்கு முன்னால் சுறா முட்டை ஒன்றை வைத்திருந்தார்கள். பழுப்புத் தோல் பை போன்ற உறை. மூலைகளில் கொடிபோல் சுருண்ட இழைகள். ஒளி ஊடுருவிய இடத்தில் விரல் நீளக் குஞ்சு ஒன்று வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அந்த வாலாட்டத்தை இருநூறு வரை எண்ணினாள். வீட்டுக்கு வந்ததும் இருவரும் தேடிப் படித்தோம். மூங்கில் சுறாவின் குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே, எதிரியின் உடலிலிருந்து வரும் மின்புலத்தை உணர்ந்து மூச்சை நிறுத்தி அசையாமல் இருந்துவிடுமாம். அன்றிரவு அவளும் போர்வைக்குள் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழந்தைதான் சென்ற வாரம் உங்கள் நிகழ்ச்சியின் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அதற்கு நம்மேல் ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டாள். மறுநாள் சுவரில் ஒட்டியிருந்த சுறாப் படங்களைக் கழற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். நீச்சல் வகுப்பில் ஆழமான பக்கம் போக மறுத்தாள். குளத்தில் சுறா இருக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காதில் அந்த உறுமல் இருக்கிறதே, நான் என்ன செய்ய?

ஒன்று செய்தேன். அதே காட்சியை ஒலியை அணைத்துவிட்டு அவளோடு மறுபடி பார்த்தேன். சுறா வருகிறது. கூண்டைச் சுற்றுகிறது. வாய் சற்றே திறந்திருக்கிறது. வாய்க்குள் புகும் நீர் செவுள் வழியாக வெளியேறினால்தான் அதற்கு மூச்சு. பிறகு வாலை ஒருமுறை வீசித் திரும்பிப் போய்விடுகிறது. அவ்வளவுதான். "அது சும்மாதானே போகிறது!" என்றாள் மகள். மூன்று முறை பார்த்தாள். நீங்கள் மிரட்டலாக விற்ற காட்சியில் ஒரு மீன் வந்து, பார்த்து, போனதைத் தவிர எதுவுமே நடக்கவில்லை.

இது ஒரு குழந்தையின் மனக்குழப்பம் மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சுறாக்கள் நீந்தும் 60 விநாடிக் காட்சி ஒன்றை ஒரு குழுவினருக்கு அச்சமூட்டும் இசையோடும், இன்னொரு குழுவினருக்கு மனத்தை உயர்த்தும் இசையோடும், மற்றொரு குழுவினருக்கு ஒலியே இல்லாமலும் காட்டினார்கள். படம் ஒன்றேதான். அச்சமூட்டும் இசையோடு பார்த்தவர்களே சுறாவை மற்றவர்களைவிட மோசமாக மதிப்பிட்டார்கள். வளர்ந்தவர்களின் மனத்தையே ஒரு நிமிட இசை இவ்வளவு திருப்புகிறது என்றால், ஒரு மணி நேரம் முரசடித்து உறுமலும் சேர்த்துக் காட்டுவதற்கு என்ன பெயர்?

சுறா கடிக்காது என்று நான் வாதாடவில்லை. சீண்டாமலே மனிதரைச் சுறா கடித்த நிகழ்வுகள் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 70 பதிவாகின்றன. சராசரியாக ஆறு பேர் இறக்கிறார்கள். அந்த வீடுகளின் துயரம் மெய்யானது. அதை முறையாகச் சொல்லுங்கள், கேட்கிறோம். ஆனால் மனிதர்கள் கொல்லும் சுறாக்கள் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி என்பது 2013-இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. 1970-க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்குள் திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்துவிட்டது. வெள்ளைச் சுறாப் பெண் கருத்தரிக்கும் பருவத்தை அடையவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்கிறார்கள். முப்பது ஆண்டு வளர்ந்த ஓர் உயிரைத் துடுப்புக்காக அறுத்து, மிச்சத்தை உயிரோடு கடலில் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து மக்கள் பதறவில்லை என்றால், "ஒழியட்டும், கொலைகார மீன்தானே" என்று எண்ண வைத்ததில் உங்கள் முரசுக்குப் பங்கில்லையா?

இன்னும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. மீன் தலையைக் கயிற்றில் கட்டிச் சுறாவின் மூக்கெதிரே இழுப்பது, அது வாயை அகலத் திறந்ததும் தாக்குகிறது என்று பதறிய குரலில் வர்ணிப்பது. 2013-இல் ஒரு தொலைக்காட்சி, பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன மெகலோடன் என்னும் இராட்சதச் சுறா இன்னும் உயிரோடு இருப்பதாக, நடிகர்களை விஞ்ஞானிகளாக்கி நிகழ்ச்சி நடத்தியது. நம்பிய மக்களை ஏமாற்றிய செயல் அது. எழுதினால் கோபம் ஏறுகிறது. நான் கேட்க வந்ததையே கேட்கிறேன்: ஒலியை எடுத்துவிடுங்கள்.

அச்சம் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பீர்கள். என் மகள் ஒரு முட்டைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றாள். அங்கே எந்த முரசும் ஒலிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். டைனோசர்களுக்கும் முந்திய வம்சம், எலும்பே இல்லாமல் குருத்தெலும்பால் ஆன உடல், மூக்கில் மின்புலத்தை உணரும் நுண்துளைகள். இதைப் பார்க்க மக்களை மிரட்டி உட்கார வைக்க வேண்டியதில்லை.

எனவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தொடரில் ஒரே ஒரு பகுதியையாவது கடலின் சொந்த ஒலியோடு வெளியிடுங்கள். முக்குளிப்பவரின் மூச்சுக் குமிழிகள் இருக்கின்றன. பவளப் பாறையில் கொடுக்கைச் சொடுக்கும் சிற்றிறால்களின் சத்தம், சுள்ளி எரிவதுபோலச் சடசடக்கும். அதன் நடுவே சுறா வந்து போகட்டும்.

அதுவரை எங்கள் வீட்டில் உங்கள் நிகழ்ச்சிகள் ஒலியில்லாமல்தான் ஓடும். தொலை இயக்கி மகளின் கையில் இருக்கிறது. படங்கள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
சுறாக்களை நேசிக்கும் ஒரு சிறுமியின் தாய்