சாவியைக் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. முதுகுவலி விட்டுவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்தி சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாளாமே! ஒரு படம் எடுத்து அனுப்பு. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்குப் புது வேலை, வீட்டில் அதே பேச்சாக இருக்கிறது.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், உன் மோட்டார் பைக்கை விற்றுவிடலாம் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். போன மாதம் நானும் என் வண்டியை விற்றேன். 12 வருடம் ஓட்டிய வண்டி. அது போனதில் வருத்தம் உண்டு, ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. விற்கும்போது நடந்த ஒரு விஷயத்தை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வந்தவன் சின்னப் பையன். இருபதைத் தாண்டியிருப்பான். காலில் செருப்பு, கையில் ஹெல்மெட் இல்லை. முகத்தில் அவ்வளவு ஆசை. "ஒரே ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்" என்றான். எனக்கும் அந்த வயது நினைவுக்கு வந்தது, சாவியைக் கொடுத்துவிட்டேன். லைசென்ஸ் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. வாசலைத் தாண்டி ஹேண்டிலைத் திருப்பினான். எதிரே ஒரு சைக்கிள் வந்தது, சட்டென்று முன் பிரேக்கைப் பிடித்தான். வண்டி அப்படியே அவன் மேல் சாய்ந்தது.

அதுவரை அவன் ஓட்டியதெல்லாம் டிரம் பிரேக் வண்டி, அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும். என்னுடையதில் முன்னால் டிஸ்க், ஒரு விரல் போதும். அவன் நான்கு விரலாலும் இழுத்தான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் சக்கரம் அப்படி நின்றால், மொத்தக் கனமும் திரும்பிய பக்கமே விழும். மெதுவாகப் போகும்போது அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம், கிளட்ச் லீவர் வளைந்துவிட்டது. லீவர் போகட்டும். அந்தப் பையன் தார் ரோட்டில் தலை அடிபட்டு விழுந்திருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. "முன் பிரேக் கூர்மை, ஒரு விரலால் தொடு" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும்.

வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்றுதான் எல்லோரும் பயப்படுவோம். அந்தப் பயமும் நியாயம்தான், அதற்கு வருகிறேன். ஆனால் நம் வண்டியில் ஏறுபவர் ஏறின மாதிரியே இறங்க வேண்டும், அது நம் பொறுப்பு. இதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

அப்புறம் வந்தவர்களிடம் போனிலேயே சொல்லிவிட்டேன்: ஹெல்மெட், ஷூ, இரு சக்கர வாகன லைசென்ஸ், இந்த மூன்றும் இருந்தால்தான் சாவி. லைசென்ஸைக் கையில் வாங்கி, அதில் உள்ள படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர் சம்மதத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில் மட்டும் வரச் சொன்னேன். பக்கத்து வீட்டு நண்பரைக் கூட நிறுத்திக்கொண்டேன். வேறொருவர் ஓட்டினால் உன் இன்சூரன்ஸ் செல்லுமா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். சாவியை நாமே கையில் கொடுத்த பிறகு ஆள் மறைந்துவிட்டால், பல பாலிசிகளில் திருட்டு இழப்பீடு கிடைக்காது. இதையும் கேட்டுவிடு.

பண விஷயம். ஓட்டிப் பார்க்கும் முன் முழு விலையும் நம் கையில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் போதாது. வண்டி எந்தக் குறையும் இல்லாமல் திரும்பினால் பணம் அப்படியே திரும்பும், கீழே போட்டால் வண்டி அவருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர், "என் வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேனே" என்றார். அந்த வண்டி யாருடையது என்று நமக்கு எப்படித் தெரியும்? முடியாது என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பணம் அனுப்பிவிட்டேன் என்று போனில் படம் காட்டினால் நம்பாதே. உன் கணக்கில் வந்ததை நீயே பார்த்த பிறகுதான் பேச்சு.

கடைசியில் வாங்கிக்கொண்டது ஒரு பெண்மணி. அவர் வந்த விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும். பேசுவதற்கு முன்பே குனிந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. நிமிர்ந்து, "நல்லவேளை, சூடாக்கி வைக்கவில்லை" என்றார். சூடான எஞ்சின் பெரும்பாலும் உடனே ஸ்டார்ட் ஆகும், குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். பிறகு முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரலால் தடவி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார், செயினைப் பின் ஸ்பிராக்கெட்டில் (பல் சக்கரத்தில்) இருந்து இழுத்துப் பார்த்தார், டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்களைப் படித்தார். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. விற்பதற்கு முன் புது டயர் போட்டுவிடலாமா என்று நான் யோசித்ததுண்டு. நல்லவேளை, போடவில்லை. புது டயர் முதல் 150 கிலோமீட்டர் வரை கொஞ்சம் வழுக்கும். வண்டி பழகாதவர் கையில் அது ஆபத்து.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. அவரை நின்ற இடத்திலேயே உட்கார வைத்தேன். கால் தரையில் முழுதாக ஊன்றுகிறதா என்று பார்த்தேன். கிளட்ச் லீவரை விடும்போது கடைசியில்தான் பிடிக்கும், முன் பிரேக் ஒரு விரல், சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் எஞ்சின் நின்றுவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்தத் தெரு வழியாகப் போய் எப்படித் திரும்ப வேண்டும் என்பதையும் முடிவு செய்துகொண்டோம். கால் மணி நேரம் என்றார், பதினான்காவது நிமிடம் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் சிரித்த சிரிப்பிலேயே வண்டி கைமாறிவிட்டது என்று தெரிந்துவிட்டது.

பேப்பர் வேலையை மட்டும் தள்ளிப்போடாதே. சேஸிஸ் நம்பர் (வண்டியின் சட்டகத்தில் பொறித்த எண்), எஞ்சின் நம்பர் இரண்டையும் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுக் காட்டு. பழைய சர்வீஸ் பில்களை எல்லாம் கொடு, கடன் பாக்கி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடு. ரசீதில் தேதியோடு மணியையும் எழுது. பெயர் மாற்றம் முடியும்வரை வாங்கியவருக்கு விழும் அபராதமும் அவர் செய்யும் விபத்தும் உன் கதவைத்தான் தட்டும். அதனால் விற்றதை நீயே அன்றைக்கே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடு.

இன்னொன்று, விளம்பரப் படத்தில் நம்பர் பிளேட்டும் வீட்டு முகப்பும் தெரிய வேண்டாம். பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்கள் எல்லோருக்கும் உன் வண்டி நிற்கும் இடம் தெரியும். விற்கும்வரை இரவில் இரண்டு பூட்டு போடு.

உன் வண்டி என்னுடையதைவிடக் கனம், உயரமும் கூட. அதனால்தான் இவ்வளவு எழுதினேன். முதல் ஆள் எப்போது வருகிறார் என்று ஒரு நாள் முன்னதாகச் சொல்லு. நான் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன். பேத்தியையும் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்